லேப்டாப் திணறுதா? ரேம் வாங்கும் முன் இந்த 10 நிமிடச் சோதனையைச் செய்யுங்க!

காலை 10 மணி மீட்டிங். ஒரு பக்கம் டீம்ஸ், இன்னொரு பக்கம் எக்செல், பின்னால் குரோமில் 20 டேப். ஸ்கிரீன் ஷேர் கொடுத்த அடுத்த நொடி மவுஸ் நகரவில்லை. ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று திரை வெளுக்கிறது. மறுமுனையில், “ஹலோ, லைன்ல இருக்கீங்களா?” என்று மேனேஜர் கேட்கிறார்.

அலுவலக நண்பர் ஒருவருக்குத் தினமும் இதே கதை. நான்கு வருட லேப்டாப். ஒரு கடையில், “பழசாயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க” என்றார்கள். இன்னொரு கடையில், “16 ஜிபி ரேம் போட்டா பறக்கும் சார்” என்றார்கள். இரண்டு கடையிலும் யாரும் லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஒரு பதில் பல ஆயிரம் ரூபாய்ச் செலவு. இன்னொன்று ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கும் செலவு. இரண்டில் எது சரி, அல்லது இரண்டுமே தப்பா? இதைக் கண்டுபிடிக்க டெக்னீஷியன் தேவையில்லை. 10 நிமிடம் போதும்.

முதலில், ரேம் என்பது எது?

மொபைல் வாங்கும்போது பெட்டியில் ‘8 ஜிபி + 128 ஜிபி’ என்று பார்த்திருப்பீர்கள். அதில் சின்ன எண் ரேம். பெரிய எண் ஸ்டோரேஜ். லேப்டாப்பிலும் அதேதான். இரண்டையும் பொதுவாக ‘மெமரி’ என்று சொல்லிவிடுவதால்தான் குழப்பம்.

ஸ்டோரேஜ் என்பது சமையலறைப் பரண் மாதிரி. பாத்திரங்கள் எல்லாம் அங்கே இருக்கும். ரேம் என்பது அடுப்பு மேடை. இப்போது சமைக்கத் தேவையானதை மட்டும் எடுத்து வைக்கும் இடம். மேடை நிறைந்துவிட்டால் ஒன்றைப் பரணில் ஏற்றிவிட்டு, இன்னொன்றை இறக்க வேண்டும். சமைப்பவர் எவ்வளவு வேகமானவராக இருந்தாலும், பாதி நேரம் ஸ்டூல் மேலேயே போய்விடும்.

விண்டோஸும் இதைத்தான் செய்கிறது. ரேம் நிறைந்தால், உடனடியாகத் தேவைப்படாத தகவலை ஸ்டோரேஜில் உள்ள ‘பேஜ் ஃபைல்’ என்ற இடத்துக்கு மாற்றும். அந்த டேபுக்கு நீங்கள் திரும்பும்போது மறுபடி எடுத்து வரும். நீங்கள் பார்க்கும் அந்த ‘ஹேங்’, பல நேரங்களில் இந்த ஏற்றி இறக்கும் வேலைதான்.

ஏன் இப்போது கணக்குப் பார்க்க வேண்டும்?

“எதுக்கும் இருக்கட்டும், ஒரு 8 ஜிபி எக்ஸ்ட்ரா போட்டுடலாம்” என்று யோசிக்காமல் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. இப்போது அப்படி இல்லை. 2025-இல் ரேம் விலை ஏறத் தொடங்கியது, ஆண்டின் கடைசி மாதங்களில் தாவியது.

காரணம், ஏஐ டேட்டா சென்டர்கள். உலகின் ரேம் சிப்களில் பெரும்பகுதியைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். ஏஐ சர்வர்களுக்கான ‘ஹெச்பிஎம்’ என்ற அதிவேக மெமரியில் லாபம் அதிகம். எனவே தொழிற்சாலைத் திறன் அந்தப் பக்கம் திரும்பியது. பழைய டிடிஆர்4 வகைத் தயாரிப்பையும் குறைக்க ஆரம்பித்தார்கள். 2025 டிசம்பரில் மைக்ரான் ஒரு படி மேலே போய், வீட்டு உபயோக கம்ப்யூட்டர்களுக்கு ரேம் விற்றுவந்த தன் ‘க்ரூஷியல்’ பிராண்டையே நிறுத்தப்போவதாக அறிவித்தது.

ஆக, தேவையே இல்லாமல் ரேம் வாங்கினால் இப்போது நஷ்டம் பெரிது. தப்பான ரேம் வாங்கினால் அதைவிடப் பெரிது. அதனால்தான் முதலில் சோதனை.

சோதனை 1: பிரச்சினை ரேம்தானா?

லேப்டாப் சும்மா இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. வழக்கமாகத் திணறும் அதே வேலையைச் செய்யுங்கள். மீட்டிங், எக்செல், எல்லா டேபும் திறந்தே இருக்கட்டும். அப்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குப் போய் ‘மெமரி’யைத் தொடுங்கள்.

மேலே தெரியும் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 70 சதவீதம் என்று காட்டினாலே பலர் பதறுகிறார்கள். காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் லாபமில்லை. விண்டோஸ் அதைப் பயன்படுத்துவது நல்லதுதான்.

பார்க்க வேண்டியது கீழே உள்ள ‘கமிட்டட்’ என்ற வரி. அதில் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், திறந்திருக்கும் புரோகிராம்கள் எல்லாம் சேர்ந்து கேட்டு வாங்கி வைத்திருக்கும் அளவு. அது உங்கள் லேப்டாப்பின் ரேம் அளவைத் தாண்டி நிற்கிறது, சதவீதமும் 90-ஐ ஒட்டியே இருக்கிறது என்றால், ரேம் போதவில்லை என்பதற்கு வலுவான அறிகுறி.

நண்பரின் லேப்டாப்பில் இருந்தது 8 ஜிபி. மீட்டிங் நடுவில் பார்த்தபோது 92 சதவீதம். கமிட்டட் வரியில் 11.4/15.8. அதாவது, 8 ஜிபி மேடையில் 11 ஜிபிக்கு மேல் கேட்கிறார்கள். இரண்டாவது கடைக்காரர் சொன்னதில் பாதி சரி.

அதே திரையில் இன்னும் இரண்டைப் பாருங்கள்.

‘டிஸ்க்’ 100 சதவீதத்தில் நிற்கிறதா? உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கா? அப்படியானால் முதலில் மாற்ற வேண்டியது அதுதான். ஹார்டு டிஸ்க்கை எஸ்எஸ்டி-யாக மாற்றுவதால் கிடைக்கும் வேகம், ரேம் கூட்டுவதால் கிடைப்பதைவிடப் பல நேரங்களில் அதிகம்.

‘சிபியு’ 100 சதவீதத்தில் நிற்கிறதா? ஃபேன் சத்தம் காதைக் கிழிக்கிறதா? அடிப்பகுதி கொதிக்கிறதா? தூசி அடைத்துச் சூடேறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதற்கு ரேம் மருந்தல்ல. சர்வீஸ்தான் வேண்டும்.

செலவே இல்லாத ஒரு வழியும் இருக்கிறது. குரோமில் ‘மெமரி சேவர்’, எட்ஜில் ‘ஸ்லீப்பிங் டேப்ஸ்’ வசதியை ஆன் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில், லேப்டாப் ஆன் ஆகும்போதே தானாகத் திறக்கும் தேவையற்ற ஆப்களை நிறுத்துங்கள். ஒரு வாரம் பாருங்கள். பிரச்சினை தீர்ந்துவிட்டால் பணம் மிச்சம்.

சோதனை 2: கூட்ட இடம் இருக்கா?

ரேம் போதவில்லை என்பது உறுதியானால் அடுத்த கேள்வி: உங்கள் லேப்டாப்பில் கூட்ட முடியுமா?

எல்லா லேப்டாப்பிலும் முடியாது. ரேம் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று, கழற்றி மாட்டக்கூடிய சின்ன அட்டை. இதை ‘எஸ்ஓ-டிம்’ என்பார்கள், கடையில் ‘லேப்டாப் ரேம்’ என்றாலே இதுதான். இன்னொன்று, மதர்போர்டிலேயே சால்டர் செய்த சிப்கள். இதற்குக் கடை மொழியில் ‘ஆன்போர்டு ரேம்’. இதைக் கழற்றவும் முடியாது, கூட்டவும் முடியாது.

மெமரி திரையிலேயே இதற்கும் துப்பு இருக்கிறது. ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற இடத்தில் எஸ்ஓ-டிம் என்று காட்டினால் நல்ல அறிகுறி. ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் சால்டர் செய்தது. ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்ற வரியில் எத்தனை இடம், அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் தெரியும்.

ஆனால் இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சால்டர் செய்த ரேமையும் விண்டோஸ் ஒரு ‘ஸ்லாட்’ என்றே கணக்கில் காட்டலாம். நண்பரின் திரையில் ‘2-இல் 2’ என்று இருந்தது. “ரெண்டு ஸ்டிக் இருக்கு, ரெண்டையும் எடுத்துட்டு 8 + 8 போட்டுடலாம்” என்று அவர் ஆன்லைனில் ஆர்டர் போடப் போய்விட்டார். தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. 4 ஜிபி போர்டிலேயே சால்டர் செய்தது. இன்னொரு 4 ஜிபி மட்டும்தான் கழற்றக்கூடிய ஸ்டிக். ஆர்டர் போட்டிருந்தால் ஒரு ஸ்டிக் மேசை டிராயரில் தூங்கியிருக்கும்.

ஆகவே டாஸ்க் மேனேஜர் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எத்தனை ஸ்லாட், எந்த வகை ரேம், அதிகபட்சம் எத்தனை ஜிபி.

வாங்கும்போது பார்க்க வேண்டிய 4 விஷயங்கள்

1. வகை: டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறைகள் உண்டு. ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று பொருந்தாது. ஸ்டிக்கின் கீழ் விளிம்பில் உள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். பின் எண்ணிக்கையும் வேறு: லேப்டாப் டிடிஆர்3-இல் 204, டிடிஆர்4-இல் 260, டிடிஆர்5-இல் 262. “அழுத்தினா உள்ள போயிடும்” என்று முயற்சி செய்தால் ஸ்லாட் உடையும். பழைய லேப்டாப்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாதா டிடிஆர்3 ஸ்டிக் 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட். டிடிஆர்3எல் மட்டும் ஏற்கும் லேப்டாப்பில் சாதா டிடிஆர்3 போட்டால் ஆன் ஆகாமல் போகலாம்.

2. வேகம்: 2666, 3200, 4800, 5600 என்று எண்கள் இருக்கும். வேறு வேறு வேகமுள்ள இரண்டு ஸ்டிக் போட்டால், பொதுவாக இரண்டும் குறைந்த வேகத்தில்தான் ஓடும். லேப்டாப் தாங்கும் வேகத்துக்கு மேல் பணம் கொடுத்து வாங்குவது வீண்.

3. ஜோடி: ஒரே அளவில் இரண்டு ஸ்டிக் இருந்தால் பிராசஸர் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் தகவல் எடுக்கும். இதை ‘டூயல் சேனல்’ என்பார்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்களில் கேம், வீடியோ எடிட்டிங்கில் இந்த வித்தியாசம் தெரியும். 4 + 8 மாதிரி சமமில்லாத ஜோடியும் பெரும்பாலான லேப்டாப்களில் வேலை செய்யும். பலன் மட்டும் முழுசாகக் கிடைக்காது.

4. பில்: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ, உங்கள் ஊர்க் கடையோ, ஆன்லைனோ, மாடல் எண்ணும் வாரண்டியும் எழுதிய பில் வாங்குங்கள். பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பழைய ஸ்டிக் (செகண்ட் ஹேண்ட்) வாங்குவதில் தப்பில்லை. கடையிலேயே உங்கள் லேப்டாப்பில் மாட்டி, முழு அளவும் காட்டுகிறதா என்று பார்த்தபின் பணம் கொடுங்கள். கழற்றிய ஸ்டிக்கைத் தூக்கிப் போடாதீர்கள். இன்றைய நிலவரத்தில் அதற்கும் விலை உண்டு.

எத்தனை ஜிபி போதும்?

விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்கிறது மைக்ரோசாஃப்ட். அது ஆன் ஆவதற்கான அளவு. வேலை பார்ப்பதற்கான அளவு அல்ல.

பிரவுசர், வேர்டு, சினிமா மட்டும் என்றால் 8 ஜிபி ஓடும். மீட்டிங், பெரிய எக்செல் ஷீட், நிறைய டேப் என்று ஒரே நேரத்தில் ஓடினால் 12 முதல் 16 ஜிபி நிம்மதி. ஆப் டெவலப்பர்களுக்கு நிலைமை வேறு. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுடன் எமுலேட்டரையும் ஓட்ட 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. டாக்கர், வெர்ச்சுவல் மெஷின், 4கே வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் 32 ஜிபி பற்றி யோசிக்கலாம்.

இதைவிட எளிய வழி, நீங்கள் குறித்துவைத்த கமிட்டட் எண். பரபரப்பான நேரத்தில் அது எவ்வளவு காட்டியதோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ரேம் இருந்தால் போதும். 11 ஜிபி கேட்கும் லேப்டாப்பில் 32 ஜிபி போட்டால் மூன்று மடங்கு வேகம் வந்துவிடாது. மேடை காலியாகக் கிடக்கும், அவ்வளவுதான்.

மாட்டுவது எப்படி?

லேப்டாப் வாரண்டியில் இருந்தால் முதலில் நிபந்தனைகளைப் படியுங்கள். சில நிறுவனங்கள் நாமே ரேம் மாற்றுவதை அனுமதிக்கின்றன. சில மாடல்களில் சர்வீஸ் சென்டரில்தான் செய்ய வேண்டும். எதுவாக இருந்தாலும், திறக்கும்போது நம் கையால் உடைந்ததற்கு வாரண்டி பேசாது. அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் தொடவே தொடாதீர்கள். ஐடி டீமுக்கு டாஸ்க் மேனேஜர் ஸ்கிரீன்ஷாட்டோடு ஒரு மெயில் போடுங்கள்.

சொந்த லேப்டாப்தான், திறக்கவும் தயார் என்றால் வரிசை இதுதான்:

• முக்கிய ஃபைல்களை பேக்கப் எடுங்கள். பிட்லாக்கர் பூட்டு ஆனில் இருந்தால், மீட்பு எண்ணை மொபைலிலோ தாளிலோ குறித்துவையுங்கள். பயாஸ் அமைப்பைத் தொட்டால் அது கேட்கப்படலாம்.

• ஷிஃப்ட் பட்டனை அழுத்தியபடியே ஷட் டவுன் கொடுங்கள். அப்போதுதான் முழுமையாக அணையும். மூடிவைப்பதோ ஸ்லீப் போடுவதோ போதாது.

• சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரி கழற்றக்கூடியது என்றால் அதையும் எடுங்கள். உள்ளேயே இருக்கும் பேட்டரி என்றால், மூடியைத் திறந்ததும் முதல் வேலை அதன் கனெக்டரை மெதுவாக விடுவிப்பது. சில மாடல்களில் பயாஸிலேயே பேட்டரியைத் துண்டிக்கும் வசதி உண்டு. இந்தப் படியைத் தாண்டாதீர்கள். மின்சாரம் இருக்கும்போது ரேமைக் கழற்றினால் போர்டே போகலாம்.

• அடி மூடியின் ஸ்க்ரூக்களை, எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டைக்கு என்று தெரியும்படி வரிசையாக ஒரு தாளில் வையுங்கள். நீளம் வேறுபடும். மூடியின் ஓரத்தை நெம்ப இரும்புக் கத்தி வேண்டாம், பழைய ஏடிஎம் கார்டு மாதிரி பிளாஸ்டிக் போதும்.

• பெயின்ட் அடிக்காத ஏதாவது ஓர் இரும்புப் பொருளைத் தொட்டுவிட்டு ரேமைத் தொடுங்கள். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சிப்பைக் கெடுக்கலாம். ஸ்டிக்கை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள், தங்க நிறப் பின்களில் விரல் படக் கூடாது.

• பழைய ஸ்டிக்கின் இரு பக்கமும் உள்ள கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினால் அது தானாகச் சாய்வாக எழும். புதியதை அதே சாய்வில், வெட்டைப் பார்த்து முழுசாக உள்ளே தள்ளுங்கள். பிறகு ‘க்ளிக்’ சத்தம் வரும்வரை கீழே அழுத்துங்கள்.

இதைப் படிக்கும்போதே கை நடுங்குதா? தப்பே இல்லை. நம்பிக்கையான சர்வீஸ் கடையில் கொடுங்கள். ஆனால் உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். எந்த ரேம் வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

ஆன் பண்ணினால் திரை கறுப்பு... பயப்படலாமா?

உடனே பதற வேண்டாம். புது ரேமைப் பார்த்ததும் லேப்டாப் அதைச் சோதித்துப் பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். டிடிஆர்5 மாடல்களில் இது சில நிமிடங்கள்கூட ஆகலாம். பொறுத்திருங்கள்.

அதற்கு மேலும் திரை வரவில்லை என்றால், மறுபடி அணைத்து, பேட்டரியைத் துண்டித்து, ஸ்டிக்கைக் கழற்றி மாட்டுங்கள். சரியாக உட்காராததுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அப்போதும் இல்லையா? பழைய ஸ்டிக்கைப் போட்டுப் பாருங்கள். அதில் ஆன் ஆனால், புது ஸ்டிக் பழுது அல்லது பொருத்தமில்லாதது. பில்லோடு கடைக்குப் போங்கள்.

ஆன் ஆகிவிட்டால் டாஸ்க் மேனேஜரில் புதிய அளவு தெரிகிறதா என்று பாருங்கள். கிராபிக்ஸுக்குக் கொஞ்சம் ஒதுக்குவதால் அளவு சற்றுக் குறைவாகத் தெரியும், அது பழுதல்ல. பிறகு ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ என்று தேடி ஒருமுறை ஓட்டிவிடுங்கள். மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் செய்தால் நல்லது.

செலவு செய்யக் கூடாத லேப்டாப் எது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 பழைய பிராசஸர்களை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். உங்கள் லேப்டாப் அதற்கும் முந்தையது என்றால், இன்றைய விலையில் ரேம் போடும் முன் இருமுறை யோசியுங்கள். லினக்ஸ் போட்டுப் பயன்படுத்தத் தயார் என்றால் வேறு விஷயம்.

எல்லாமே சால்டர் செய்த லேப்டாப் என்றால் வழியே இல்லை. ஆப்பிள் 2020 நவம்பரில் எம்1 சிப்பைக் கொண்டுவந்த பிறகு வந்த மேக்புக்குகள் அனைத்திலும் ரேம் சிப்போடு சேர்ந்தே இருக்கிறது. விண்டோஸ் பக்கத்திலும் மெல்லிய லேப்டாப்களில் ‘எல்பிடிடிஆர்’ என்ற சால்டர் ரேம்தான் அதிகம். இன்டெல் 2024-இல் வெளியிட்ட கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் பிராசஸருடனேயே வரும், 16 அல்லது 32 ஜிபி மட்டும். இப்படிச் செய்வதில் நியாயமும் உண்டு. இடம் மிச்சம், பேட்டரி நீடிக்கும், வேகமும் கூடும். ஆனால் பிற்பாடு கூட்டும் உரிமை நம் கையைவிட்டுப் போய்விடுகிறது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி பிறந்திருக்கிறது. ‘எல்பிகேம்2’ என்ற புது வகை, எல்பிடிடிஆர் சிப்களையே ஸ்க்ரூ போட்டுக் கழற்றி மாட்டும் அட்டையாக ஆக்கியது. 2024-இல் லெனோவோவின் திங்க்பேட் பி1 மாடலில் வந்தது. எல்லா லேப்டாப்புக்கும் இன்னும் பரவவில்லை.

அதனால் அடுத்த லேப்டாப் வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எத்தனை ஜிபி?’ அல்ல. ‘ரேம் ஆன்போர்டா, ஸ்லாட்டா?’ என்பதுதான். ஸ்லாட் என்றால் இன்று 8 ஜிபியோடு வாங்கி, தேவை வரும்போது கூட்டலாம். ஆன்போர்டு என்றால் நான்கு வருடம் கழித்துத் தேவைப்படும் அளவை இன்றே காசு கொடுத்து வாங்கியாக வேண்டும்.

சரி, நண்பர் என்ன செய்தார்? ஒரே ஒரு 8 ஜிபி ஸ்டிக் வாங்கினார். பழைய 4 ஜிபியைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார். இப்போது மொத்தம் 12 ஜிபி. புது லேப்டாப் இல்லை, 16 ஜிபி ஸ்டிக்கும் இல்லை. அடுத்த நாள் 10 மணி மீட்டிங்கில் ஸ்கிரீன் ஷேர் கொடுத்தார். திரை வெளுக்கவில்லை. மேனேஜர்தான், “என்ன, இன்னைக்கு லைன் கட் ஆகலையா?” என்று கேட்டாராம்.